பேராண்டி கவுன்சிலருக்கு நிக்கப் போறானாம்!

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கவுன்சிலருக்கு நிக்கப் போறியாமே? டீக்கடையில பேசிக்கிட்டாங்க. ரொம்ப சந்தோசம். 2022 மார்ச்சுல பதவி ஏத்தவங்களுக்கு அஞ்சு வருசக் கணக்கு 2027 மார்ச்சோட முடியுது. அதுக்குள்ள நீ வெள்ளைச் சட்டைக்கு அளவு குடுத்துட்டேங்காங்க. சட்டைக்கு அளவு குடுத்தது சரி. உன் தெரு வாறுகாலை அளந்து பாத்தியா? அது எந்த மூலையில ஆரம்பிச்சு எந்தக் குளத்துல போயி விழுதுன்னாவது தெரியுமா?

தெரியாது. முழிக்கிற முழியிலயே தெரியுது. அதனால என்ன? தெரிஞ்சவன்தான் நிக்கணும்னு சட்டமா இருக்கு? 21 வயசு ஆயிருக்கணும், வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கணும். போன தடவை பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட்டு 1,000 ரூவா. நீ எடுத்த சட்டைத் துணி அதைவிடக் கூட இருக்கும்.

இன்னொரு கணக்கையும் கேட்டுக்க. பேரூராட்சி வார்டுக்கு நிக்கவன் 17,000 ரூவாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாதுன்னு போன தடவை தேர்தல் கமிசன் வரம்பு போட்டுது. நல்ல கமிசன். நோட்டீசு, ஆட்டோ, மைக்கு, கூட வாரவனுக்கு டீ, வடை எல்லாம் அந்த 17,000த்துக்குள்ள அடங்கணும். அடங்கியிருக்கும்லே. யாரு இல்லைன்னா? ராத்திரி பதினோரு மணிக்கு மேல எங்க தெருவுல கதவு கதவாத் தட்டிக்கிட்டுப் போனது யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்கு இருட்டுல கண்ணு தெரியாதுல்லா.

சரி, நிக்கப் போற ஊரு எப்பேர்ப்பட்ட ஊருன்னு தெரிய வேண்டாமா? நம்மது கிராமமும் இல்ல, டவுனும் இல்ல. பேரூராட்சின்னு ரெண்டுக்கும் நடுவுல கெடக்கு. கிராமம்னு சொன்னா மெயின் ரோட்டு நகைக்கடைக்காரனுக்குக் கோவம் வரும். டவுனுன்னு சொன்னா அவன் கடை வாசல்ல படுத்திருக்க எருமை சிரிக்கும். சர்க்காரு இதுலயும் நாலு தரம் பிரிச்சு வச்சிருக்கு. இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை. தரம் பிரிக்கது வருமானத்தை வச்சு. கொசுவை எண்ணிப் பிரிச்சிருந்தா நாம எப்பவோ சிறப்பு நிலைக்குப் போயிருப்போம்.

2004ல ஒரு கூத்து நடந்துச்சு. நீ அப்ப டவுசரு போட்டுக்கிட்டுத் திரிஞ்ச பய. தமிழ்நாட்டுல ஐந்நூறு பேரூராட்சிக்கு மேல ஒரே உத்தரவுல 'சிறப்பு கிராம ஊராட்சி' ஆக்கிட்டாங்க. கிராமம்னா டெல்லிக் காசு கூட வரும்னு கணக்கு. 2006ல ஆட்சி மாறுச்சு, திரும்பவும் பேரூராட்சி. டவுனுக்காரனாப் படுத்தவன் கிராமத்தானா எந்திரிச்சான். பொறவு மறுபடியும் டவுனுக்காரன் ஆனான். ரெண்டு தடவையும் போர்டு எழுதுன பெயிண்டருக்கு வேலை கெடச்சுது. முக்குல சரிஞ்சு கெடந்த குப்பைத் தொட்டி ரெண்டு வருசமும் அங்ஙனதான் கெடந்துச்சு.

ஆனா கிராமமா டவுனாங்கறது சும்மா வெளையாட்டு இல்ல பாத்துக்க. கிராமம்னா நூறு நாள் வேலை உண்டு, டவுனுன்னு ஆயிட்டா கிடையாது. பக்கத்து ஊராட்சியப் பேரூராட்சியோட சேக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தாலே பொம்பளைங்க எல்லாம் மனுவத் தூக்கிக்கிட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போறாங்களே, எதுக்குன்னு நெனச்ச? டவுனுக்காரிங்கற பட்டத்தை வச்சு உலையா வைக்க முடியும்?

தலைவரை யாரு தேர்ந்தெடுக்கதுங்கறதுலயும் நமக்கு ஒரு நெலை கிடையாது. 1996ல சனம் நேரா ஓட்டுப் போட்டுது. 2006ல கவுன்சிலருங்க கூடித் தேர்ந்தெடுத்தாங்க. 2011ல மறுபடி சனம். 2022ல மறுபடி கவுன்சிலருங்க. நம்ம ஊருல 15 வார்டு. எட்டுப் பேரு ஓட்டுப் போட்டா தலைவர். அந்த எட்டுப் பேரைப் பத்திரமா வச்சிருக்கது இருக்கே, அது பெரிய தொழிலு. மார்ச்சு மாசம் குத்தாலத்துல சொட்டுத் தண்ணி விழாது. ஆனா நம்ம ஆளுங்க வேன் பிடிச்சு அருவியில குளிக்கப் போனாங்க. போனை மட்டும் வேற ஒருத்தன் வாங்கி வச்சுக்கிட்டான். தண்ணியில நனைஞ்சுரும்னு அக்கறை.

இப்ப நீ ஒரு கேள்வி கேக்கணும். புத்தியுள்ள பயலா இருந்தா கேட்டிருப்ப. 2011ல ஜெயிச்சவங்க காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சுது. அடுத்த எலெக்சன் 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. நடுவுல அஞ்சு வருசத்துக்கு மேல தலைவரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. கோர்ட்டு கேசு, வார்டு வரையறை, கொரோனான்னு தள்ளிக்கிட்டே போச்சு. தனி அலுவலருதான் எல்லாம். அப்பவும் தண்ணி வந்துச்சு. தெரு வெளக்கு எரிஞ்சுது. அப்பறம் இந்தப் பஞ்சாயத்துப் போர்டு எதுக்கு?

கேளு, சொல்லுதேன். தண்ணி வந்த நாள்ல ஒரு வித்தியாசமும் இல்ல. வராத நாள்லதான் இருந்துச்சு. யாரு வீட்டு வாசல்ல போயி நின்னு ஏசுறது? தனி அலுவலர் குடியிருக்கது வேற ஊரு. சாயங்காலம் ஆபீசைப் பூட்டிட்டுப் பஸ் ஏறிருவாரு. அவரைக் குத்தம் சொல்லி என்ன, அவருக்கு வேலை அப்படி. கவுன்சிலருன்னா நம்ம தெருக்காரன். காலையில வேப்பங்குச்சியும் வாயுமா நிக்கும்போதே புடிச்சுரலாம். "ஏம்ல, மூணு நாளாத் தண்ணி இல்ல, நீ பல்லு வெளக்குதியோ?"ன்னு கேக்கலாம். அவனும் பதில் சொல்லித்தான் ஆகணும். சொல்லலைன்னா அவன் பொண்டாட்டி குழாயடியில தலை காட்ட முடியாது. ஏசுனா காதுல விழுற தூரத்துல ஒரு ஆளு இருக்கணும். போர்டுன்னா அதுதாம்லே. மத்ததெல்லாம் மேசைத் துணி.

ஆனா ஜெயிச்சவன் மொதல்ல பண்ணுற வேலை என்ன தெரியுமா? அந்தத் தூரத்தைக் கூட்டுறதுதான். கார் வாங்குவான், கண்ணாடியக் கறுப்பாக்குவான். போனை எடுக்கதுக்கு ஒரு தம்பிய வச்சுக்கிடுவான். பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் வைப்பான். அதுல அவன் படம் ஆளு உசரம், கும்பிட்டுக்கிட்டு நிக்கும். அந்தப் படத்தை ஏசலாம், பதில் வராது.

கூட்டம் பாத்திருக்கியா நீ? நான் சன்னலோரம் நின்னு பாத்தவன். மாசம் ஒரு கூட்டம். மேசைக்குப் பச்சைத் துணி. தலைவருக்கு முதுகு ஒசந்த நாற்காலி, அது மேல வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டு இல்லாம தமிழ்நாட்டுல அதிகாரம் உக்காராது. எதுக்க பிளாஸ்டிக் நாற்காலியில கவுன்சிலருங்க. ஆளுக்கு ஒரு காகிதத் தட்டுல மிச்சரு, ஒரு லட்டு. மொத பத்து நிமிசம் மிச்சருல கடலை பொறுக்குவாங்க. பொறவு ஆபீசு உதவியாளர் அஜெண்டாவை வாசிப்பாரு. மூச்சு விட மாட்டாரு.

"மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு நீரேற்றம் செய்யும் மின்மோட்டார் பழுதடைந்ததைத் தொடர்ந்து, பொதுமக்கள் நலன் மற்றும் அவசர அவசியம் கருதி, பழுது நீக்கம் செய்யப்பட்ட வகையில் ஏற்பட்ட செலவினத்திற்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது."

என்னல வெளங்குச்சு? மோட்டாரு ரிப்பேரு ஆச்சு. சரி பண்ணியாச்சு. காசும் குடுத்தாச்சு. இப்ப நீங்க சரின்னு தலையாட்டுங்க. விசயம் அம்புட்டுதான். இதை இப்படிப் பச்சையாச் சொன்னா எவனாவது ஒருத்தன், "ஒரே மோட்டாரு வருசத்துக்கு நாலு தடவை எப்படிவே படுக்கும்?"னு கேட்டுருவான். கேக்கக் கூடாதுல்லா? அதுக்குத்தான் அந்தத் தமிழு. அவரு வாசிச்சு முடிக்கையில பாதிப் பேருக்குக் கொட்டாவி, மீதிப் பேருக்கு லட்டு. 'மன்றம் அங்கீகரிக்கிறது'ன்னு எழுதி முடிச்சாச்சு. அடுத்த பொருள்.

வெளிநடப்பும் உண்டு. சட்டசபையில வெளிநடப்பு பண்ணுனா நிக்கதுக்கு வராந்தா இருக்கு, கேமராக்காரன் இருக்கான். நம்ம ஆபீசுல வெளிநடப்பு பண்ணுனா எங்க போறது? சைக்கிள் நிறுத்துற தகரக் கொட்டகைதான். ஒரு நாள் ரெண்டு பேரு கைய வீசிக்கிட்டு வெளிநடப்பு பண்ணுனாங்க. வெளிய நல்ல மழை. கொட்டகை ஒழுகுது. அந்தக் கொட்டகைக்குத் தகரம் மாத்தணும்னு ரெண்டு கூட்டத்துக்கு முன்னாடி தீர்மானம் போட்டதும் இதே ரெண்டு பேருதான். கொஞ்ச நேரத்துல தலையத் தொடைச்சுக்கிட்டு உள்ள வந்து உக்காந்துட்டாங்க. ஆனா போட்டோ எடுத்தாச்சு, வாட்ஸப்புல போட்டாச்சு, 'மக்கள் பிரச்சினைக்காக வெளிநடப்பு'ன்னு. என்னய்யா பிரச்சினைன்னு கேட்டேன். கல்வெட்டுல அவங்க பேரு மட்டும் சின்ன எழுத்துல வந்துட்டாம்.

அந்தக் கல்வெட்டை நீ போயிப் பாக்கணும். வாறுகாலுக்கு மேல ஒரு சின்னப் பாலம். ஒரு மாட்டு வண்டி போனா ஓரமா ஒரு ஆட்டுக்குட்டி நிக்க எடம் இருக்காது. அந்தப் பாலத்துக்கு ஆளு உசரத்துல கறுப்புக் கிரானைட்டு, மஞ்ச எழுத்து. திறந்து வைத்தவர், தலைமை, முன்னிலை, வரவேற்பு, பதினஞ்சு வார்டு உறுப்பினரு, நன்றியுரை. கொத்தனாரு பேரு மட்டும் இல்ல. போன ஐப்பசி மழையில பாலம் ஒரு பக்கமா உள்வாங்கிருச்சு. கல்வெட்டு அசையல. அதுக்கு மட்டும் எவனோ நல்ல சிமெண்டுல கால் நட்டிருக்கான்.

உள்ளாட்சியில பாதி எடம் பொம்பளைங்களுக்குன்னு தமிழ்நாட்டுல 2016ல சட்டம் வந்துச்சு. அருமையான சட்டம். தண்ணி எத்தனை மணிக்கு வருது, எத்தனை குடம் வருதுன்னு இந்த ஊருல எந்த ஆம்பளைக்குத் தெரியும்? நம்ம போர்டுல எட்டுப் பொம்பளைங்க ஜெயிச்சாங்க. உடனே வீட்டுக்காரங்க விசிட்டிங் கார்டு அடிச்சாங்க. கூட்டத்தன்னைக்கு அவங்களும் வந்து சன்னலோரம் நிப்பாங்க. உள்ள ஓட்டெடுப்புன்னா வெளிய இருந்து கண்ணைக் காட்டுவாங்க. எனக்கு நிக்க எடமே கெடைக்காது. ஓட்டு வாங்குனவ உள்ள வாயடைச்சு உக்காந்திருக்கா, ஓட்டு வாங்காதவன் வெளிய நின்னு ஊரை ஆளுதான். நல்லாருக்கா?

ஒரு புள்ள மட்டும் வேற மாதிரி. நாலாம் வார்டு. புருசனை வீட்டுல சோறு வடிக்க விட்டுட்டு ஒத்தையில வருவா. கையில நாப்பது பக்க நோட்டு ஒண்ணு. எந்தத் தெருவுக்கு என்னைக்குத் தண்ணி வந்துச்சு, எந்த போஸ்ட்டுல லைட்டு எரியல, வாறுகால் என்னைக்கு அள்ளுனாங்க, அள்ளுன மண்ணை என்னைக்கு எடுத்துட்டுப் போனாங்க, எல்லாம் அதுல இருக்கும். அள்ளிக் கரையில வச்ச மண்ணு ஒரு வாரம் கெடந்தா மறுபடி வாறுகாலுக்குள்ளதான் போவும். அது தெரிஞ்ச ஒரே கவுன்சிலரு அவதான். அவ நோட்டைத் தொறந்தா ஈ.ஓ. கண்ணாடியக் கழட்டித் தொடைக்க ஆரம்பிப்பாரு. மோட்டாரு நாலு தடவை ரிப்பேரான கதையும் அந்த நோட்டுல இருந்துதான் வெளிய வந்துச்சு.

ஈ.ஓ.ன்னா செயல் அலுவலரு. அவரைப் பத்தியும் தெரிஞ்சுக்க. தீர்மானம் போடுறது நீங்க. அதை நிறைவேத்துற அதிகாரம் அவருகிட்ட. கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்கு மாலை விழும், பந்திச் சாவி மட்டும் வேற ஒருத்தரு இடுப்புல இருக்கும்லா, அது கணக்குதான். அவருக்கு மேல உதவி இயக்குநரு, அவருக்கு மேல சென்னை. 1993 ஜூன்ல நடப்புக்கு வந்த 74ஆவது சட்டத் திருத்தம் பட்டணத்துப் போர்டுகளுக்குன்னு 18 வேலைய அட்டவணை போட்டு வச்சிருக்கு. ரோடு, தண்ணி, சுடுகாடு, மாட்டுப் பவுண்டு, பொறப்பு இறப்புக் கணக்கு, பூங்கா எல்லாம் இருக்கு. தீயணைப்புகூட அதுல இருக்கு. இங்க தீயணைப்பு தனி டிபார்ட்மெண்டு. நம்ம போர்டுகிட்ட ஒரு வாளி கூடக் கிடையாது. சாமி வரங்குடுத்தாலும் பூசாரி விடணும்லா?

அதிகாரம் இல்லை, அதிகாரம் இல்லைன்னு அழுதுக்கிட்டே அஞ்சு வருசத்தை ஓட்டுறவனும் உண்டு. அவனை நம்பாதே. உறுப்பினருக்கு மாசம் 2,500 ரூவா மதிப்பூதியம், தலைவருக்கு 10,000. 2023 ஜூலையில இருந்து குடுக்காங்க. 2,500 ரூவாய்க்கு ஆசைப்பட்டு எவனும் அம்புட்டுச் செலவழிச்சு நிக்க மாட்டான். அப்ப எதுக்கு நிக்கான்னு கேக்கியா? அதைத்தாம்லே நான் உன்கிட்ட கேக்கேன்.

நெசமான அதிகாரம் எங்க இருக்குன்னு பாக்கணும்னா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு வா. வாட்டர்மேன் சைக்கிள்ல வருவான். பின்னால இரும்புத் திருகிய வச்சுக் கட்டியிருப்பான். மேட்டுத் தெரு முக்குல நின்னு, ரோட்டுல பதிச்ச இரும்பு மூடியக் குச்சி விட்டு நெம்புவான். உள்ள கையை விட்டு மண்ணை அள்ளி வெளிய போட்டுட்டு, திருகிய எறக்கிச் சுத்துவான். எத்தனை சுத்து சுத்துனா மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறும், எத்தனை சுத்துல பள்ளத் தெருக் குழாய் பிச்சுக்கிடும்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும். குனிஞ்சு திருகியில காதை வச்சுக் கேப்பான். தண்ணி ஓடுற சத்தம் சரியா இருந்தா அடுத்த முக்குக்குப் போவான். இதெல்லாம் எந்த வரைபடத்துலயும் கிடையாது, எந்தத் தீர்மானத்துலயும் கிடையாது. தாமிரவருணியில இருந்து கோடிக்கணக்குல செலவழிச்சுக் குழாய் போட்டுக் கொண்டாந்த கூட்டுக் குடிநீரு, கடைசியில அந்த ஆளோட காதை நம்பித்தான் உன் வீட்டுக்கு வருது. அவனுக்கு ஒரு ஆளைக் கூட விட்டு அந்தக் கணக்கைப் படிச்சு வைக்கணும்னு எந்தக் கவுன்சிலராவது கேட்டிருக்கானா? ஹைமாஸ் லைட்டு கேப்பான். அதுலதான கல்வெட்டு வைக்க எடம் இருக்கு.

தண்ணின்னு வந்த பொறவு இன்னொண்ணு கேக்கேன். கோவப்படாதே. உங்க வீட்டுக் குழாயில ஒரு அரைக் குதிரை மோட்டாரு மாட்டி உறிஞ்சுறீங்களே, அது எந்த வார்டுப் பிரச்சினை? கடைசி வீட்டுக் கெழவிக்குத் தண்ணி வரலைன்னு நீதான மொத ஆளா வாட்ஸப்புல எழுதுன? 'நிர்வாகச் சீர்கேடு'ன்னு. உன் மோட்டாரு ஓடுற சத்தத்துக்கு நடுவுல உக்காந்து எழுதியிருப்ப.

ரோட்டு விசயத்துக்கு வருவோம். ரோடு போடுறதுன்னா நம்ம ஊருல ரோட்டு மேல ரோடு போடுறது. எங்க வீடு கட்டும்போது தெருவுல இருந்து மூணு படி ஏறணும். இப்ப ஏற வேண்டியது இல்ல, எறங்கணும். மழை பேஞ்சா தெருத் தண்ணி என்னைக் கேக்காமலே உள்ள வந்து விசாரிச்சுட்டுப் போவுது. பழைய ரோட்டைச் சொரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு. நல்ல மனுசன். உத்தரவு சென்னையில இருந்து கெளம்பி வந்துக்கிட்டிருக்கு. வழியில ரோடு சரியில்லை போலிருக்கு.

குப்பை? அதையும் ஒரு வார்த்தை சொல்லிருதேன். நீ சின்னப் புள்ளையில குப்பைக் கெடங்குன்னு சொன்னோமே, அதுக்கு இப்ப 'வளம் மீட்புப் பூங்கா'ன்னு போர்டு. உள்ள மண்புழு உரம் போடுதாங்க, நல்ல உரந்தான், நானே ரெண்டு கிலோ வாங்கி முருங்கைக்குப் போட்டேன். ஆனா மக்குற குப்பை, மக்காத குப்பைன்னு வீட்டுலயே பிரிச்சுக் குடுங்கன்னு 2016 விதியிலயே சொல்லியாச்சு. ஊரு சனம் பச்சைக் கூடையையும் நீலக் கூடையையும் வாங்கி, ஒண்ணுல வெங்காயம், ஒண்ணுல உருளைக்கெழங்கு போட்டு வச்சிருக்கு. குப்பை எல்லாம் ஒரே பையில கட்டித்தான் வருது. நாத்தத்துல நின்னு அதைக் கையால பிரிக்கது தூய்மைப் பணியாளரு. அவங்களுக்குக் கையுறை தீந்து போச்சுன்னா அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்கணும். மிச்சரு மட்டும் எந்தக் கூட்டத்துலயும் தீந்து போனது இல்ல.

துட்டு எங்க இருந்து வருது? சொத்து வரி, தண்ணி வரி, தொழில் வரி. வாரச்சந்தை ஏலம், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை ஏலம், கடை வாடகை. மிச்சத்துக்கு மேல பாத்துக் கையேந்தணும், நிதிக்குழு மானியம்னு வரும். சொத்து வரிய 2022 ஏப்ரல்ல ஏத்துனாங்க. நம்மள மாதிரி ஊருல 600 சதுர அடிக்குள்ள இருக்க வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல போனா 100 சதவீதம். ஊரே கொதிச்சுப் போச்சு. அரையாண்டு தொடங்குன மாசமே, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடின்னு ஆட்டோவுல கத்திக்கிட்டுப் போனாங்க. உங்கப்பன் சன்னலைச் சாத்திட்டு, சத்தமா இருக்குன்னான்.

சந்தை ஏலத்தை மட்டும் உத்துப் பாரு. கூட்டத்துல நெறையப் பேசுறவன் ஏலத்தன்னைக்கு ஊருல இருக்க மாட்டான். அவன் மச்சினன் இருப்பான்.

மச்சினன்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரு கேள்விப்பட்டிருக்கியா? குடவோலை குடவோலைன்னு மேடைக்கு மேடை பேசுவானுங்க, அதுல என்ன எழுதியிருக்குன்னு எவனும் சொல்ல மாட்டான். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருசம் ஆச்சு. முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டுன்னு வச்சுக்க. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். வயசு 35க்கு மேல, 70க்குள்ள. அந்தக் கணக்குல உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. சொந்த நெலமும் சொந்த மனையில வீடும் வேணும்னும் இருக்கு. அது அந்தக் காலத்துப் பெரிய வீட்டு நியாயம், அதை அங்ஙனயே விட்டுரு. ஆனா ஒரு விதி இருக்கு பாரு. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாமப் போனவன் திரும்ப நிக்கக் கூடாது. அவன் மட்டுமில்ல. சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன், மச்சினன், மாமனாருன்னு வரிசையா எழுதி, அவங்களும் நிக்கக் கூடாதுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்கான். வெட்டுனவன் நம்ம ஊருக்காரனை முன்னாலயே பாத்திருக்கான்லே. இன்னைக்கு அந்த விதியக் கொண்டாந்தா மனுத் தாக்கல் பண்ண வெளியூர்ல இருந்துதான் ஆளு கூட்டிட்டு வரணும்.

சரி, ரொம்பப் பேசிட்டேன். நிக்காதேன்னா நான் சொல்லுதேன்? நில்லு. ஆனா அதுக்கு முன்னால செய்ய வேண்டியதைக் கேட்டுக்க. மொதல்ல அந்த மோட்டாரைக் கழட்டு. ராத்திரியோட ராத்திரியாக் கழட்டுனாலும் சரி, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பொறவு ஒரு பத்து ரூவா செலவு பண்ணு. தகவல் உரிமைச் சட்டம் 2005ல வந்துச்சு. பத்து ரூவா ஸ்டாம்பை ஒட்டி, போன ஒரு வருசத்துத் தீர்மான நகலைக் கேளு. 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும். பக்கத்துக்கு இத்தனைன்னு நகல் காசும் கேப்பாங்க, குடு. வாங்குனதை ராத்திரி உக்காந்து படி. 'அவசர அவசியம்' எத்தனை எடத்துல வருதுன்னு கோடு போடு. வெளங்கலைன்னா நாலாம் வார்டுக்குப் போ, அந்தப் புள்ள சொல்லித் தரும். விடியக்காலம் எந்திரிச்சு வாட்டர்மேன் கூட ஒரு வாரம் நட. தெருவுல நாய் கடிச்சாலும் பரவாயில்ல, அதுவும் நாளைக்கு உன் வேலைதான்.

ஜெயிச்சுட்டா இதே தெருவுல குடியிரு. காலையில வாசல்ல நின்னு பல்லு வெளக்கு. ஏச வாரவளுக்கு உன் வாசல்ல ஒரு செம்பு தண்ணி வச்சிரு, தொண்டை காஞ்சு போயி வருவா.

ஆங், முக்கியமானதை மறந்துட்டேன். பேரூராட்சிக்கு வரி பாக்கி வச்சிருக்கவன் மனு பரிசீலனையில நிக்காது. உங்க வீட்டு வரி உன் பேர்லதான இருக்கு? நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசு தொறக்கும். போயிக் கட்டி ரசீதை வாங்கிக்கிட்டு வா. பொறவு என்கிட்ட ஓட்டுக் கேளு.